என்றும் அன்புடன் வாடகை

ஆகஸ்ட் 1, வெள்ளி

சம்பளம் வந்தது. கூடவே ஒரு கட்டு மொய்க் கவரும் இந்த டைரியும் வந்தன. பின்னவை இரண்டும் ஓசி.

எங்கள் அச்சகத்தில் கழிவு என்று ஒதுக்கியதை எடைக்குப் போடுவதற்கு முன்னால் வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம். சிவகாசிக்காரர்கள் வீட்டில் பாதிச் சாமான் இப்படி வந்ததுதான். இந்த டைரியில் ஜூலை இரண்டு தடவை பைண்ட் ஆகியிருக்கிறது, ஆகஸ்ட்டைக் காணோம். இரண்டாவது ஜூலையை அடித்துவிட்டு எழுதுகிறேன். கவரின் கதை இன்னும் மோசம். 'நல்வாழ்த்துகளுடன்' என்று இருக்க வேண்டிய இடத்தில், தங்க எழுத்தில், 'நல்வாத்துகளுடன்' என்று ஓடிவிட்டது. ஒரு ரூபாய்க் காசு ஒட்டுகிற மேசைக்கு வந்தபோதுதான் பார்த்தார்கள். "பொண்ணும் மாப்பிள்ளையும் வாத்து மேய்க்கட்டும், அனுப்பிவிடுங்க" என்றேன். மேஸ்திரி சிரிக்கவில்லை.

எனக்குக் கவர் தேவைப்பட்டது. போனில் பார்த்த ஒரு வீடியோவில் ஒரு அம்மா செலவைச் சமாளிக்க வழி சொல்லிக்கொண்டிருந்தார். சம்பளம் வந்த அன்றே பிரித்துத் தனித்தனிக் கவரில் போட்டுவிட வேண்டுமாம். எந்தக் கவர் காலியாகிறதோ அந்தச் செலவு அந்த மாதத்துக்கு முடிந்தது. ஒரு கவர் இன்னொரு கவரிடம் கைமாற்று வாங்கக் கூடாது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. அந்த அம்மா வீட்டில் கேஸ் தீர்வதே இல்லை போலிருக்கிறது.

கவரின் கீழே 'என்றும் அன்புடன்' என்று அச்சடித்து, பெயர் எழுத ஒரு கோடு விட்டிருக்கும். அந்தக் கோட்டில்தான் எழுதினேன். வாடகை, மளிகை, பால், கேஸ், கரண்ட், டியூஷன், மருந்து, மொய். "என்றும் அன்புடன் கேஸ்" என்று உரக்கப் படித்துவிட்டு என் மகள் மகிழ்மதி பாயில் உருண்டு சிரித்தாள். பத்தாவது படிக்கிறவள், இந்த வீட்டுக்கு வந்த இந்த இரண்டு மாதத்தில் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 2, சனி

மளிகைக் கவர் ஒரே நாளில் பாதி இளைத்துவிட்டது. தேங்காய் விலையைப் பற்றி எழுதி டைரியைக் கெடுக்க விரும்பவில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

வாடகை கொடுத்தேன். மூவாயிரத்து ஐநூறு. வீட்டுக்காரர் எஸ்தர் அக்கா, அடுத்த தெருவில் இருக்கிறார், ஓய்வுபெற்ற டீச்சர். பணத்தை இரண்டு தடவை எண்ணுவார், ஆனால் நல்ல மனுஷி. கவரைப் பார்த்து, "வாத்தா?" என்றார். ஆமாம் என்றேன். எழுத்துப் பிழைக்கு அரை மார்க் குறைப்பவர் மாதிரி ஒரு பார்வை பார்த்தார்.

வீட்டுக்கு வருவதற்குள் ராஜபாளையத்திலிருந்து அண்ணன் போன். மாதாமாதம் ஐந்தாம் தேதி ஆனதும் எஸ்தர் அக்காவிடம் கேட்டுவிடுவார். இந்த வீட்டுக்கு இருபத்தைந்தாயிரம் அட்வான்ஸ் கொடுத்தவர் அவர். கொடுக்கும்போதே சொன்னார்: "ஓம் பிடிவாதத்துக்குத்தான் இது. ஒரு மாசம், ஒரே ஒரு மாசம் வாடகை தவறுனாலும், மூட்டையக் கட்டிட்டு மாப்பிள்ளை வீட்டுக்குப் போயிரணும். அப்புறம் ஒரு பேச்சு இருக்கக் கூடாது." சரி என்றேன். எஸ்தர் அக்காவும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆக, எட்டுக் கவரில் மற்ற ஏழும் செலவு. வாடகைக் கவர் மட்டும்தான் நானும் மகியும்.

ஆகஸ்ட் 9, சனி

ஓவர்டைம். காலண்டர் சீசன் ஆரம்பித்துவிட்டது. முதுகு இருக்கிற இடம் தெரிகிறது.

ஆகஸ்ட் 13, புதன்

மகி அறுபது ரூபாய் கேட்டாள். எதுக்கு என்றேன். சும்மா என்றாள். சும்மான்னா எதுக்கு, எந்தக் கவரில் எழுத, டியூஷனா மளிகையா என்று கேட்டேன். சாமான் விளக்கிக்கொண்டிருந்ததால் திரும்பிப் பார்க்காமலே கேட்டேன்.

"அப்பா மாதிரியே கேக்கிற" என்றாள்.

கோபத்தில் சொல்லவில்லை. மழை வருகிற மாதிரி இருக்கிறது என்பதுபோலச் சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஆகஸ்ட் 14, வியாழன்

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. ரசம் உப்பாகிவிட்டது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

மகியின் அப்பா வந்திருந்தார். இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு அவளைப் பார்க்க வருவார். வாசல்படியிலேயே நின்று பேசிவிட்டு, சாத்தூர்ச் சேவு ஒரு பொட்டலம் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். ஆள் மெலிந்திருக்கிறார். சட்டையில் இரண்டாவது பொத்தான் இல்லை. எனக்கென்ன வந்தது.

அவர் போன பிறகு, இதையும் எழுதித் தொலைத்தால் என்ன என்று தோன்றியது.

சுந்தரமகாலிங்கம் கெட்டவர் இல்லை. குடி இல்லை, கை நீட்டியது இல்லை. அவருடைய அண்ணனின் மரக்கடையில் கணக்கு எழுதுகிறார், நாலு காசு தவறாது. நான் இரண்டு வருஷமாக அச்சகத்துக்குப் போகிறேன், என் சம்பளத்தையும் அவரிடம்தான் கொடுப்பேன், குடும்பம் என்றால் அப்படித்தானே. எனக்கு வேண்டியதைக் கேட்பேன். கேட்டால் இல்லை என்று சொன்னதே கிடையாது. கொடுப்பதற்கு முன்னால் ஒரே ஒரு வார்த்தை கேட்பார்: "எதுக்கு?" பூவுக்கு எதுக்கு, ஜாக்கெட் தையல்கூலிக்கு எதுக்கு. நாப்கினுக்குக்கூட எதுக்கு என்று சொல்லித்தான் வாங்க வேண்டும். பதினாறு வருஷம் சொன்னேன்.

வைகாசியில் ஒருநாள் மரக்கடைக்குப் போய் இருநூறு ரூபாய் கேட்டேன். எதுக்கு என்றார். அன்றைக்குச் சொல்ல ஒரு காரணமும் இல்லை. பையில் கிடக்கட்டும் என்று ஆசையாக இருந்தது, அவ்வளவுதான். "சும்மா" என்றேன். அவர் சிரித்துவிட்டார். "சும்மா யாராவது பணம் கேப்பாகளா?" பக்கத்திலிருந்த கடைப் பையன்களும் சிரித்தார்கள். என் சம்பளத்தை அவரிடம் கொடுத்து மூன்றாம் நாள் அது.

அதற்கப்புறம் நடந்ததை ஊர் ஒரே வரியில் வைத்திருக்கிறது: இருநூறு ரூபாய்க்குப் புருஷனை விட்டு வந்தவள். அந்த வரி தப்பு என்றும் சொல்ல முடியவில்லை.

ஆகஸ்ட் 20, புதன்

மகிக்கு ஒரு கவர் போட்டேன். கோட்டில் 'சும்மா' என்று எழுதி, மளிகையில் மிச்சம் பிடித்த நூறு ரூபாயை வைத்து, அவள் புத்தகப் பையில் செருகிவிட்டேன். கைமாற்றுக் கூடாது என்ற சட்டம் முதல் மாதத்திலேயே போயிற்று. சாயங்காலம் தானாக வந்து தோசைக்குச் சட்னி அரைத்தாள்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

பேச்சியம்மாள் மதினி வந்தாள். மகி அப்பாவின் பெரியப்பா மகள், வாயாடி, மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளத் தெரியாதவள். செப்டம்பர் நாலு அவள் மகளுக்குக் கல்யாணம். பத்திரிகையை நீட்டுவாள் என்று மஞ்சள் குங்குமத் தட்டை எடுத்தேன்.

"பத்திரிகைய அங்க வச்சுட்டேன் தாயி. ஒரு வீட்டுக்கு ஒரு பத்திரிகைதான. நீ புள்ளையக் கூட்டிக்கிட்டு வந்துரணும், ஆமா."

ஒரு வீட்டுக்கு ஒரு பத்திரிகை, ஒரு வீட்டுக்கு ஒரு மொய். இது எனக்குத் தெரியாததா. அந்தப் பத்திரிகையை எண்ணிக் கட்டுப் போட்டதே நான்தான். அறுநூறு அடித்தோம், அதில் எனக்கு ஒன்று இல்லை.

போக வேண்டாம் என்று ஒரு மனசு. போகாமலிருந்தால் இருநூறு ரூபாய்க்காரி வெட்கத்தில் முகம் காட்டவில்லை என்பார்கள். போவேன். மொய்யும் எழுதுவேன், என் கவரிலிருந்து.

செப்டம்பர் 1, திங்கள்

சம்பளம், கவர் எல்லாம் முடிந்தது. இந்தத் தடவை சுளுவாக வந்தது.

கல்யாணத்துக்கு வாத்துக் கவரைக் கொடுக்க முடியாதே. பிழை திருத்தி மறுபடி அடித்த கட்டிலிருந்து ஒரு நல்ல கவர் வாங்கி வந்தேன். அதே சிவப்பு, அதே தங்கம், ஒரு 'ழ்' மட்டும் கூடுதல். ஐநூறு ரூபாய் வைத்து, நானே ஒரு ரூபாய்க் காசை ஒட்டினேன். பெயர் எழுதுகிற கோட்டில் வந்து பேனா நின்றுவிட்டது. வழக்கமாக அவர் பெயரைத்தான் எழுதுவேன். என் பெயரை எழுதினால் படிக்கிறவர்கள் எது இது புதுசாக என்பார்கள். இரண்டையும் எழுதினால் அது பொய். கோட்டைக் காலியாக விட்டுவிட்டேன். மண்டபத்தில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

செப்டம்பர் 4, வியாழன்

கல்யாணம் நன்றாக நடந்தது. சாப்பாடு பரவாயில்லை, அவியலில் கத்திரிக்காய் அதிகம். எனக்குப் பிடித்த நீலப் பட்டுச் சேலையைத்தான் கட்டிக்கொண்டு போனேன். மகிக்குப் பரீட்சை, வரவில்லை. திரும்பி வரும் வழியில் அப்படியே வாடகையைக் கொடுத்துவிடலாம் என்று வாடகைக் கவரையும் கைப்பையில் வைத்திருந்தேன்.

மண்டபத்து வாசலில் மொய் மேசை. நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தவர் மகியின் அப்பா. கணக்கில் தவறாத ஆள், பெண்ணுக்கு மாமன் முறை, வேறு யாரை உட்கார வைப்பார்கள். நான் அதை முன்னாலேயே யோசித்திருக்க வேண்டும்.

"வா" என்றார். "சாப்பிட்டியா?"

"இனிமேத்தான்."

எனக்குப் பின்னால் ஆட்கள் வரிசையில் நின்றார்கள். பேனாவைக் கேட்க வாயெடுத்தேன். அவர் குரலைத் தணித்துக்கொண்டார். "நம்ம வீட்டு மொய் ஆயிரத்து ஒண்ணு எழுதியாச்சு. ஒனக்கு எதுக்குத் தனியா?"

அவர் நல்லதாக நினைத்துத்தான் சொல்லியிருப்பார். என் ஐநூறு எனக்கு மிச்சமாகட்டும் என்றிருக்கும். ஆனால் அந்த ஒரு வார்த்தை விழுந்ததும் காது அடைத்துவிட்டது. பின்னாலிருந்து யாரோ, "நகரும்மா" என்றார்கள். நேராக மேடைக்குப் போனேன். கைப்பையில் கைவிட்டேன், கவரை எடுத்துப் பெண்ணின் கையில் கொடுத்தேன். போட்டோவுக்குச் சிரித்தேன். யார் பெயரையும் எழுதவில்லை. எழுதாமல் கொடுத்ததில் ஒரு வீம்பு இருந்தது.

அங்கிருந்து எஸ்தர் அக்கா வீட்டுக்குப் போனேன். கவரை நீட்டினேன். அவர் வாங்கிப் பார்த்தார், மேலே ஒட்டியிருந்த காசைக் கட்டைவிரலால் தடவினார்.

"மாரி, எனக்கு எதுக்கும்மா மொய் வைக்கிற?"

சரியான எழுத்தில் நல்வாழ்த்துகளுடன், உள்ளே ஐநூறு.

கல்யாண மேடையில் நான் சிரித்துக்கொண்டே கொடுத்தது மூவாயிரத்து ஐநூறு. காசு ஒட்டாத கவர். மேலே நல்வாத்துகளுடன், கீழே என் கையெழுத்தில், என்றும் அன்புடன் வாடகை.

செப்டம்பர் 5, வெள்ளி

எல்லாக் கவரையும் பாயில் கொட்டிப் பார்த்தேன். சேர்த்தால் வாடகை தேறும். அப்புறம் மாதம் முழுக்க வாடகை கட்டிய வீட்டில் மகியோடு பட்டினி கிடக்கலாம்.

எஸ்தர் அக்காவிடம் நடந்ததைச் சொன்னேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார். "நா உன்ன வெரட்ட மாட்டேம்மா. ஆனா உங்க அண்ணன் போன் பண்ணுனா, வாங்கலைன்னுதான் சொல்லுவேன். பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்ல." அவர் சொன்னதும் நியாயம்தான்.

மதினி வீட்டுக்குப் போய்க் கேட்பதா? கொடுத்த மொய்யைத் திருப்பிக் கேட்டவள் என்று எங்கள் பக்கத்தில் இதுவரை ஒருத்தியும் இல்லை. இருநூறு ரூபாய்க்குப் புருஷனை விட்டவள், ஒரு கவரைக்கூடப் பார்த்துக் கொடுக்கத் துப்பில்லாதவள். கேட்டால் இரண்டையும் சேர்த்துச் சொல்வார்கள். கேட்காவிட்டால் மூட்டை கட்ட வேண்டும். இன்றைக்கு மதினி வீடு பூட்டியிருக்கும், எல்லோரும் பெண்ணோடு மறுவீட்டுக்குப் போயிருப்பார்கள். அது எனக்கு நிம்மதியாக இருந்தது. என் லட்சணம் அப்படி.

சாயங்காலம் அண்ணன் போன் பண்ணினார். அவர் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிட்டேன், இந்த மாதம் இன்னும் கட்டவில்லை என்று. "ஞாயித்துக்கெழம வாரேன்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

மகி பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். "அப்பா வீட்டுக்குப் போயிருவோமாம்மா?" என்றாள். போக ஆசையா பயமா என்று அவள் குரலில் கண்டுபிடிக்க முடியவில்லை. கேட்கவும் எனக்குத் தைரியம் வரவில்லை.

செப்டம்பர் 6, சனி

அரை நாள் லீவு போட்டுவிட்டு மதினி வீட்டுக்குப் போனேன். பாத்திரக் கடைக்குத் திருப்ப வேண்டிய அண்டாக்களை முற்றத்தில் எண்ணிக்கொண்டிருந்தார்கள். உறவுக்காரப் பெண்கள் நாலைந்து பேர். என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றது. மதினி ஒரு அண்டாவை அப்படியே போட்டுவிட்டு என்னை உள் அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள்.

பஸ்ஸில் போகும்போது பேச வேண்டியதையெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். "மதினி, கவர்ல ஒண்ணு" என்று ஆரம்பித்தேன்.

"வாடகையா?" என்றாள் மதினி.

அவள் கட்டிலில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அன்னைக்கு ராத்திரி கவர் பிரிச்சோம். நா வாசிக்க வாசிக்க மகாலிங்கம் நோட்டுல எழுதுறான். 'என்றும் அன்புடன் வாடகை, மூவாயிரத்து ஐநூறு'ன்னு வாசிக்கேன், வீடே சிரிக்குது. எங்க வீட்டுக்காரக என்ன செஞ்சாக தெரியுமா? நம்ம முன்கடையில செல்போன் கடை வச்சிருக்கானே, அந்தப் பய வாடகைய மொய்யாப் போட்டு ஏமாத்துறான்னு அவனுக்குப் போனப் போட்டாக. அவன், நா இல்ல அண்ணாச்சி, நா எறநூறுதான் வச்சேன்னு அழுவாத கொற. மகாலிங்கம் கவரக் கேட்டான். வாங்கிப் பாத்தான். பாத்துட்டுப் பேனாவ மூடி வச்சுட்டான்."

நானும் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"பெறகு என்னயத் தனியாக் கூப்புட்டான். 'அக்கா, இத நோட்டுல ஏத்த வேண்டாம். தனியா வைங்க, தேடி வருவா'ன்னான். நீயே கொண்டு போய்க் குடுத்துரு, ஒம் பொண்டாட்டிதானன்னேன். 'நா குடுத்தா அது வேற மாதிரி ஆயிரும்'னான். 'அவளே வந்து கேக்கட்டும். தவமணி மச்சானுக்கு மட்டும் தெரியவேண்டாம்'னான்."

தவமணி என் அண்ணன். வாடகை தவறினால் என்ன நடக்கும் என்று மகியின் அப்பாவுக்குத் தெரியும், அண்ணனே சொல்லியிருப்பார். பேனாவைத் திறந்து அந்தக் கவரை நோட்டில் ஏற்றியிருந்தால் போதும், அல்லது பேசாமல் இருந்திருந்தால் போதும். இந்த வாரமே நான் மூட்டையும் கையுமாக அவர் வாசலில் நின்றிருப்பேன். அவர் அதைச் செய்யவில்லை. எனக்கு அவர்மேல் கோபமாக வந்தது. ஏன் கோபம் என்று எனக்கே தெரியவில்லை.

மதினி பீரோவிலிருந்து கவரை எடுத்துக் கொடுத்தாள். நான் காசு ஒட்டிய கவரை நீட்டினேன், கோட்டில் பஸ்ஸிலேயே எழுதியிருந்தேன். மதினி பெயரைப் படித்துவிட்டு யோசித்தாள்.

"தங்கமாரின்னு எழுதியிருக்க. ஓங்க வீட்டு மொய் ஆயிரத்து ஒண்ணு ஏறிருச்சேம்மா. ஒரு வீட்டுக்கு ரெண்டு மொய் எப்பிடி எழுதுறது? நாளைக்கு மகிக்கு விசேசம் வந்தா, இத நா எங்க கொண்டாந்து திருப்பிச் செய்வேன்? அந்த வீட்டுக்கா, இந்த வீட்டுக்கா?"

கிண்டலுக்குக் கேட்கவில்லை. வந்த மொய்யை வந்த வீட்டுக்கு ஒரு ரூபாய் கூட்டித் திருப்பாவிட்டால் மதினிக்குத் தூக்கம் வராது. அவள் கவலை அவளுக்கு.

"இந்த வீட்டுக்குத்தான் மதினி."

"சரி வச்சுட்டுப் போ. மகாலிங்கத்தக் கேட்டுட்டு எழுதுறேன்" என்றாள்.

என் மொய்யை எழுத அவரைக் கேட்க வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு வந்துவிட்டேன். வரும் வழியில் எஸ்தர் அக்காவிடம் வாடகையைக் கொடுத்தேன், வாத்துக் கவரிலேயே. இரண்டு தடவை எண்ணிவிட்டு, "ஒரு நாள் லேட்டு" என்றார்.

செப்டம்பர் 7, ஞாயிறு

சொன்னபடி அண்ணன் வந்தார். வாடகை கட்டியாகிவிட்டது என்றேன்.

"ஒரு நாளுன்னாலும் தவறுனது தவறுனதுதான். நீதான ஒத்துக்கிட்ட?"

"ஒத்துக்கிட்டேன்."

"அப்புறம்?"

மகி அறையை விட்டுப் போகாமல் நின்றுகொண்டிருந்தாள். ஒரு கவரை எடுத்து அண்ணன் முன்னால் வைத்தேன். ஓவர்டைம் பணம் கொஞ்சம், மற்ற கவர்களில் கிள்ளியது கொஞ்சம்; இனி மூன்று மாதத்துக்கு மொய்க் கவரும் கிடையாது. உள்ளே எழுநூறு ரூபாய்.

"அட்வான்சு பணத்துல மொதத் தவண. மாசா மாசம் தாரேன்."

"நா எப்போடி ஓங்கிட்டப் பணம் கேட்டேன்?" அண்ணனுக்கு நிஜமாகவே வலித்துவிட்டது. "குடுத்தவன் ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"சொல்லுங்கண்ணே. எத்தன வார்த்த வேணாலும் சொல்லுங்க. மூட்டையக் கட்டுன்னு மட்டும் சொல்லாதீங்க. போகணும்னா நானாத்தான் போகணும், வாடகை வெரட்டி நா அங்க போயி நின்னா, அது அவுகளுக்கும் நல்லாருக்காது."

கடைசிப் பாதியைச் சொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை, வந்துவிட்டது. அண்ணன் என்னை ஒரு மாதிரி பார்த்தார். கவரைத் தொடவில்லை, சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். பஸ் ஏறும்போது மகியிடம் கேட்டிருக்கிறார், அதென்ன வாத்து என்று. கவரை நான் அவர் பைக்குள் போட்டது அப்போதுதான் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

செப்டம்பர் 11, வியாழன்

கேஸ் தீர்ந்தது. கவரில் பணம் இருந்தது. இதில் இத்தனை சந்தோஷம் இருக்கிறது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

மகியின் அப்பா வந்தார். அவள் தோழி வீட்டிலிருந்து வரத் தாமதமாகிவிட்டது. அவர் வாசல்படியில் நின்றார், நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கவரைப் பற்றி நன்றி சொல்வதா, சண்டை போடுவதா என்று எனக்கு முடிவாகவில்லை. அவரே ஆரம்பித்தார்.

"நோட்டுல எழுதிட்டேன்."

"என்னன்னு?"

"தங்கமாரி, சிவகாசி, ஐநூத்தி ஒண்ணு."

அவர் பெயரை முன்னால் போடவில்லை. பதினாறு வருஷத்தில் எந்த நோட்டிலும் என் பெயர் அப்படித் தனியாக இருந்ததில்லை.

"மதினி ஒண்ணும் சொல்லலையா? ஒரு வீட்டுக்கு ரெண்டு மொய் எப்பிடின்னு எங்கிட்டக் கேட்டாகளே."

"எங்கிட்டயும் கேட்டாக." சேவுப் பொட்டலத்தைக் கை மாற்றிக்கொண்டார். "ரெண்டு வீடு அக்கா, ரெண்டு மொய்தான்னு சொல்லிட்டேன். பெறகு ஒண்ணும் சொல்லல."

மூன்று மாதமாக அண்ணனிடமும் மதினியிடமும் ஊரிடமும் நான் சொல்லிப் பார்த்தது இதைத்தான். ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. முதலில் ஒத்துக்கொண்டவர் இவர். சந்தோஷப்பட வேண்டும் என்று நினைத்தேன், அழுகைதான் வந்தது. அவருக்கும் அதைச் சொல்வது லேசாக இருந்திருக்காது. என் முகத்தைப் பார்க்காமல் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"உள்ள வாங்க" என்றேன். "காப்பி போடுதேன்."

செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தார். ஒரு நாற்காலி, ஒரு பாய், மகியின் புத்தகங்கள், எல்லாவற்றையும் ஒரு தடவை பார்த்தார். எங்கே உட்காரட்டும் என்று என்னைக் கேட்டார்.